வளரும் ஆமைக்குத் தோல் உரிந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கொடுங்கையூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஒன்றரை வருடத்துக்கு முன் என் அண்ணன், என் மகனுக்கு ஒரு ஆமைக் குட்டி வாங்கிக் கொடுத்தார். சல்கேட்டா என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அப்போது உள்ளங்கைக்குள் அடங்கியது. இப்போது ஓடு 14 செ.மீ. நீளம் இருக்கிறது. பகலில் பால்கனியில் விடுகிறோம், இரவில் எங்கள் ஏசி அறையில் கண்ணாடித் தொட்டியில் தூங்கும். நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனால் ஒரு மாதமாகக் கழுத்திலும் முன்னங்காலிலும் வெங்காயச் சருகு மாதிரி தோல் உரிகிறது. ஓட்டில் கட்டங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. ஓட்டின் மேல் வெள்ளையாகப் பொடியும் படிகிறது. மாமியார் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவச் சொல்கிறார். ஆமை வாங்கிய கடையில் கேட்டால், வைட்டமின் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். மகன் உரிகிற தோலை நகத்தால் பிய்த்து எடுக்கிறான். என்ன செய்யட்டும்? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, கொடுங்கையூர்

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஊசியைப் போட வேண்டாம். கடைக்காரரிடம் நாள் சொல்லியிருந்தால்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்று கீழே எழுதுகிறேன். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்களிடம் இருப்பது சல்கேட்டாதான். ஆப்பிரிக்காவில் சஹாராவின் தெற்கு ஓரமாக, செனகல் தொடங்கி சூடான், எத்தியோப்பியா வரை வாழும் நில ஆமை இது. தொடையில் முள் மாதிரி துருத்தி நிற்கும் செதில்களை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். கண் தெளிவாக இருக்கிறது. மூக்கில் ஒழுக்கு இல்லை. நடக்கிற படத்தில் உடம்பைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கி வைத்திருக்கிறது. எலும்பில் பலம் இல்லாத குட்டி வயிற்றை இழுத்துக்கொண்டுதான் போகும். அதனால் பயத்தை இறக்கி வையுங்கள். நீங்கள் எழுதியதில் பெரும்பாலானவை குட்டி வளர்கிறது என்பதற்கான அடையாளங்கள்தான்.

பாம்பு சட்டை உரிப்பது நமக்கெல்லாம் தெரியும். ஒரே உறையாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடும். ஆமை அப்படிச் செய்வதில்லை. அதன் மேல்தோல் துண்டு துண்டாக, இன்றைக்கு ஒரு இடம் நாளைக்கு ஒரு இடம் என்று உதிரும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வாலைச் சுற்றி என நீட்டி மடக்குகிற இடங்களில்தான் நமக்கு அதிகம் கண்ணில் படும். உள்ளே புதுத் தோல் தயாரானதும் மேலே உள்ளது காய்ந்து, ஓரம் தூக்கி, நடக்கும்போதும் தலையை இழுக்கும்போதும் உரசி விழுந்துவிடும். முதல் சில வருடங்களில் உடம்பு வேகமாகப் பெரிதாவதால் இது கூடுதலாக இருக்கும். பெரிய ஆமைக்கும் உதிரும். ஆனால் அதை உள்ளங்கையில் வைத்துத் தினமும் யாரும் பார்ப்பதில்லை.

விழுந்த துண்டு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லியதாக, காய்ந்து, மறுபக்க வெளிச்சம் தெரிகிற மாதிரி இருக்கும். சின்னச் சின்னச் செதில்களின் வடிவம் அதில் அச்சாகப் பதிந்திருக்கும். ஈரமோ ரத்தமோ வாடையோ இருக்காது. அப்புறம் அது விழுந்த இடத்தைப் பாருங்கள். நான் நம்புவது அந்த இடத்தைத்தான். கீழே இருக்கும் தோல் முழுசாக, காய்ந்து, பக்கத்துத் தோலைவிடக் கொஞ்சம் வெளிறியிருந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. செக்கச்செவேலென்று பச்சைப் புண்ணாக இருந்தாலோ, நீர் கசிந்தாலோ, கொப்புளம் இருந்தாலோ அது வேறு கதை. உங்கள் படங்களில் நான் பார்த்த எல்லா இடத்திலும் அடித்தோல் ஒழுங்காக இருக்கிறது.

மகன் பிய்ப்பதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தாலும் மறு ஓரம் உயிருள்ள தோலோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் அதுவும் சேர்ந்து கிழியும். கிழிந்த இடம் எந்நேரமும் தரையில், சாணத்தில், ஈரத்தில் உரசுகிறது. சீழ் பிடிக்க வேறு என்ன வேண்டும்? காலில் சுற்றியிருப்பது தோல்தானா என்பதை மட்டும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் விழும் தலைமுடியும் தையல் நூலும் ஆமையின் காலில் சுற்றி, நடக்க நடக்க இறுகிவிடும். பார்வைக்குத் தோல் மடிப்பு மாதிரியே இருக்கும். அதைச் சின்னக் கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டி எடுக்க வேண்டும். தோலில் பதிந்துவிட்டால் நீங்களே இழுக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அடுத்து அந்த வெள்ளைக் கோடு. நீங்கள் பயந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த விஷயம் இதுதான். ஆமை ஓட்டின் உள்பக்கம் எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அதோடு சேர்ந்தே இருக்கின்றன. அந்த எலும்பின் மேல் மூடியிருக்கும் கட்டங்கள் கெரட்டின், நம் நகத்தில் இருக்கும் அதே பொருள். முதுகின் நடுவே ஐந்து, இரண்டு பக்கமும் நான்கு நான்கு, ஓரத்தைச் சுற்றிச் சின்னவை. ஒவ்வொரு கட்டமும் தன் ஓரத்தில்தான் வளரும். புதிதாக வந்த கெரட்டின் முதலில் வெளிறித்தான் இருக்கும். அதனால்தான் இரண்டு கட்டங்கள் சேரும் இடத்தில் வெள்ளையாகவோ தந்த நிறத்திலோ கோடு தெரிகிறது. போகப் போக நிறம் ஏறிப் பழைய இடத்தோடு கலந்துவிடும். அதன் பக்கத்தில் அடுத்த கோடு வரும். விரல் நுனியால் அந்தக் கோட்டைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக, பக்கத்தில் இருப்பதைப் போலவே கெட்டியாக இருந்தால் அது வளர்ச்சிக் கோடு. அழுத்தினால் உள்ளே போனாலோ, மாவு மாதிரி நகத்தில் சுரண்டி வந்தாலோ, வாடை அடித்தாலோ அது ஓடு அழுகலாக இருக்கலாம், காட்ட வேண்டும். அந்த வளையங்களை எண்ணி வயது சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தீனியும் பருவமும் மாறும்போதெல்லாம் வளையம் விழும். ஒரே வருடத்தில் பல விழுந்துவிடும்.

நில ஆமைக்கு இந்தக் கட்டங்கள் உரிந்து விழாது. தண்ணீரில் வளரும் சிவப்புக் காது ஆமைக்குத்தான் ஓட்டின் மேல் பக்கம் தகடு தகடாகக் கழன்று வரும், அதற்கு அது இயல்பு. உங்கள் சல்கேட்டாவுக்கு ஒரு கட்டம் முழுசாகத் தூக்கிக்கொண்டு அடியில் எலும்பு தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வகை ஆமைக்கும் ஒரே அறிவுரை சொல்வதால்தான் பலர் குழம்பிப் போகிறார்கள்.

ஓட்டில் படியும் வெள்ளைப் பொடி எனக்கு நோயாகத் தெரியவில்லை. நீங்கள் குளிக்க வைக்கும் தண்ணீர் போர் தண்ணீரா? வடசென்னையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். வாளியின் உள்பக்கத்திலும் குழாய் வாயிலும் வெள்ளை படிகிற வீட்டில் ஆமை மேலும் அது படியத்தான் செய்யும். மெல்லிய டூத் பிரஷை நல்ல தண்ணீரில் நனைத்து ஒரே ஒரு கட்டத்தை மட்டும் தேய்த்துத் துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். அந்தக் கட்டம் சுத்தமாக நின்று, மறுபடி போர் தண்ணீரில் குளித்ததும் வெள்ளை திரும்பி வந்தால் அது உப்புதான். அதன்பின் மெட்ரோ தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ குளிக்க வையுங்கள். துடைத்த இடத்தில் குழியோ சொரசொரப்போ தெரிந்தால் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். நம் தோல் வறண்டால் எண்ணெய் வைத்துத்தானே பழக்கம். ஆனால் ஆமைக்கு அது வேண்டாம். எண்ணெய் தடவிய ஓட்டில் தூசியும் சாணமும் ஒட்டி, கட்டங்களின் இடுக்கில் அடைந்து, சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். மஞ்சள் இன்னொரு தொல்லை. அதன் நிறம் ஏறிவிட்டால் அடியில் தோல் சிவந்திருக்கிறதா, இல்லையா என்று எங்களாலேயே சொல்ல முடியாது. ஓட்டுக்குப் பாலிஷ் என்று விற்கிற எதையும் வாங்காதீர்கள்.

இப்போது ஊசி. தோல் உரிகிறது என்றதும் வைட்டமின் ஏ குறைபாடு என்று சொல்லி ஊசி போடுவது ஒரு பழைய வழக்கம். கீரையும் புல்லும் தின்கிற நில ஆமை, அவற்றில் உள்ள பீட்டா கரோட்டினிலிருந்து தனக்குத் தேவையான வைட்டமின் ஏ-வைத் தானே ஆக்கிக்கொள்ளும். அதற்குக் குறைபாடு வருவது அபூர்வம். குறைபாடு இல்லாத ஆமைக்கு இந்த ஊசியைப் போட்டால் வைட்டமின் நஞ்சாகிறது. முதலில் தோல் வறண்டு செதில் செதிலாக வரும். பிறகு கழுத்திலும் காலிலும் கொப்புளம் கட்டி, தோல் பட்டை பட்டையாகக் கழன்று சதை தெரியும். அந்த வழியாக உடம்பு நீர் வெளியேறும், கிருமி உள்ளே போகும். சாதாரணமாகத் தோல் உரிந்துகொண்டிருந்த ஆமையை, தோல் இல்லாத ஆமையாக ஆக்கிவிடும் வைத்தியம் இது. எனக்கு இதில் கோபம் வருகிறது, ஏனென்றால் ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் அந்த ஆமை நன்றாக இருந்திருக்கும்.

இதோடு இன்னொரு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஐவர்மெக்டின். நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணிக்கும் சொறிக்கும் போடுகிற மருந்து. ஆமை இனத்துக்கு அது நஞ்சு. கால்கள் செயலிழந்து, மூச்சு நின்று செத்துப் போகும். உண்ணி இருக்கிறது, தோல் சரியில்லை என்று யாராவது அதை எடுத்தால், ஆமைக்கு இது ஆகாது என்று தைரியமாகத் தடுங்கள்.

சரி, ஒரு மாதமாக ஏன் கொஞ்சம் கூடுதலாக உரிகிறது? எனக்குச் சந்தேகம் உங்கள் ஏசி மேல். சல்கேட்டா பாலைவன ஓரத்து விலங்கு, அதனால் வறட்சி நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே வெயில் நேரத்தில் அது மண்ணைத் தோண்டி வளைக்குள்தான் கிடக்கும். வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும். ஏசி அறையில் காற்று காய்ந்துபோகும், குளிரும் சேர்ந்துவிடும். சென்னையில் மார்கழிக் குளிரிலேயே வெளியே இரவில் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஏசி இல்லாத அறை அதற்குப் போதும். தொட்டியை ஹாலுக்கு மாற்றுங்கள். ஒரு மூலையில் கவிழ்த்த மண்சட்டி வைத்து, வாசலுக்கு ஓரத்தை உடைத்து, கூர்மையை மழுக்கிவிட்டு, உள்ளே லேசாக ஈரமான தேங்காய் நார்த்தூளைப் போடுங்கள். பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, அவ்வளவு ஈரம் போதும். குட்டி தானாகவே அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஈரம் தோலோடு நிற்கிற விஷயமில்லை. படத்தில் முதுகுக் கட்டங்கள் லேசாக மேடு தட்டத் தொடங்கியிருக்கின்றன. உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் எனக்குக் கவலை தரும் ஒரே விஷயம் இதுதான். இது இயல்பான வளர்ச்சி இல்லை. முன்பெல்லாம் புரதம் அதிகமானதால் ஓடு கூம்பு கூம்பாக வருகிறது என்றுதான் சொல்வோம். 2003இல் ஆஸ்திரிய ஆராய்ச்சியாளர்கள் சல்கேட்டா குட்டிகளையே வளர்த்துப் பார்த்தபோது, புரதத்தைவிடக் காற்றின் வறட்சிதான் மேடு தட்டுவதை அதிகம் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. ஏற்கெனவே எழும்பிய மேடு இறங்காது. ஆனால் இனி வரும் வளர்ச்சி சமமாக வர இப்போதும் நேரம் இருக்கிறது.

தினமும் கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வையுங்கள். தண்ணீர் மேல் ஓடும் அடி ஓடும் சேரும் இடத்துக்கு மேல் போகக் கூடாது; தலை தாராளமாக வெளியே இருக்க வேண்டும். குடிக்கும், அப்படியே கழிவும் போகும். காய்ந்த தோலும் அந்த நேரத்தில் தானாக நனைந்து உதிரும். துடைத்துவிட்டு அனுப்புங்கள். அதற்கென்று தனி பேசின் வையுங்கள், சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். நல்ல ஆரோக்கியமான ஆமையின் வயிற்றிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் மகன் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும்.

வெயில் அவசியம். அதில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், அது இருந்தால்தான் கால்சியம் எலும்பில் சேரும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது. காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் பால்கனியில் விடுங்கள், பாதி இடம் நிழலாக இருக்கட்டும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் சில நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்காக வெயில் வராதபோது ஊர்வனவற்றுக்கான யுவிபி விளக்கு ஒன்று உதவும்.

தீனியில் பாதிக்கு மேல் புல்லாக இருக்கட்டும். அருகம்புல் எளிதாகக் கிடைக்கும். கூடவே முருங்கைக் கீரை, செம்பருத்தி இலை, பூ, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. வெள்ளரியும் தக்காளியும் வயிற்றை நிரப்பும், ஓட்டுக்கு ஒன்றும் சேர்க்காது. பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோறு, பால், பிஸ்கட், நாய்த் தீனி எதுவும் கூடாது. கால்சியத்துக்குக் கடையில் காசு கொட்ட வேண்டாம். காசிமேட்டில் மீன் வாங்கும் இடத்தில் கணவாய் ஓடு கேளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்றால் தருவார்கள். உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, தொட்டியில் போட்டு வையுங்கள். வேண்டும்போது அதுவே கொறித்துக்கொள்ளும். அலகு நீளாமல் தேயவும் அது நல்லது.

இவ்வளவும் செய்து மூன்று, நான்கு வாரம் பாருங்கள். மகனுக்கு வேலை வேண்டுமென்றால், வாரம் ஒரு நாள் சமையல் தராசில் எடை பார்த்து எழுதி, அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் கழுத்தையும் முதுகையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். எடை ஏறிக்கொண்டிருந்தால், உரிந்த இடம் ஒழுங்காக இருந்தால், எங்கும் போக வேண்டியதில்லை. அடி ஓட்டில் சிவப்பு படர்ந்தாலோ, ஓடு அழுத்தினால் அமுங்கினாலோ, கழுத்தோ காலோ வீங்கினாலோ, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டாலோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து எடுத்துச் செல்லுங்கள். அந்தப் படங்களையும் எடைக் குறிப்பையும் கொண்டு போனால் பார்க்கிற மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நல்லவேளை, இது நட்சத்திர ஆமை இல்லை. நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சல்கேட்டா வெளிநாட்டு இனம். ஆனால் அதுவும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். பெரிதானால் இது 40, 50 கிலோவைத் தாண்டும், மனிதர்களைப் போலவே நீண்ட காலம் வாழும். இரண்டாவது மாடி வாடகை வீட்டில் அது நடக்காது. முடியாதபோது கோயில் குளத்தில் விட்டுவிடலாம் என்று தயவுசெய்து யாரும் நினைக்காதீர்கள். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, மூழ்கிவிடும். உங்கள் உறவில் மண் தரையும் சுற்றுச்சுவரும் உள்ள வீடு யாருக்கு இருக்கிறது என்று இப்போதே யோசித்து வையுங்கள். அண்ணனிடம் வாங்கிய ரசீது இருக்கிறதா என்றும் இன்றே கேளுங்கள், பதிவுக்கு அது தேவைப்படும்.